முள் ஆடாத வண்டிகள்

காலை பத்து மணி வெயில் தேவசுந்தரத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைச் சுவரில் நேராக விழுகிறது. வேகம் காட்டும் மீட்டர் கேபிள்கள் அங்கே கொத்துக் கொத்தாக முருங்கைக்காய் போலத் தொங்குகின்றன. கிளட்ச் கேபிள் தொங்க வேண்டிய ஆணி மட்டும் மொட்டையாக நிற்கிறது. பத்துக் கிளட்ச் கேபிள் கேட்டால், கூடவே மீட்டர் கேபிள் பத்தையும் தலையில் கட்டுகிறான் மதுரை மொத்த வியாபாரி. டிரங்க் கால் போட்டுக் கத்தினாலும் அதே பதில்தான். சங்கரன்கோவில் வட்டாரத்திலோ மீட்டர் முள் ஆடுகிற வண்டியே கிடையாது, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் கிடையாது. இப்போது மேலநீலிதநல்லூர்ப் பால்காரர் வெள்ளைப்பாண்டி, அறுந்த கிளட்ச் கேபிளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பால் கேன்கள் வெயிலில் சூடேறுகின்றன.

“இல்லவே! காலையிலேருந்து நீரு அஞ்சாவது ஆளு.” தேவசுந்தரத்துக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது.

“பாலு திரிஞ்சிரும் அண்ணாச்சி. வாசல்ல நிக்கது உங்க வண்டிதான? அதுல உள்ளதக் கழத்தித் தாங்களேன்.”

தேவசுந்தரம் மேசையை ஓங்கித் தட்டுகிறார். “அத முந்தாநாளே ஒருத்தன் கழத்திட்டுப் போயிட்டாம்வே! ரெண்டு நாளா நான் நடந்துல்லா வாரேன்! அதுல புது மீட்டர் கேபிள் கெடக்கு. வேணும்னா கொண்டு போரும், முள்ளு நல்லா ஆடும்!”