நாற்பது வரி புரோகிராம்

“கேடயத்தைத் தூக்கிக் கொடுத்தது நீயா, உன் புரோகிராமா? ஆறு மணிக்குள்ள பதில் சொல்லு. இல்லேன்னா கோட்டைக் காவலை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்.”

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி கேட்டில் போனைத் திரும்ப வாங்கியதும் மாரிக்கண்ணன் படித்த முதல் செய்தி இதுதான். அனுப்பியவர் சாத்தூர் பிரபாகரன்.

மாரிக்கண்ணனுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை.

விஷயம் ஒரு விளையாட்டு. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. ‘கேடயத்தை மாட்டு’ என்று அடித்தால் மாட்டும். ‘விளக்குக்கு எண்ணெய் ஊற்று’ என்றால் ஊற்றும். பிரபாகரன் தலைமையில் முப்பது பேர் சேர்ந்து அதில் ஒரு கோட்டையைப் பிடித்து வைத்திருந்தார்கள். பகல் காவல் மாரிக்கண்ணன் பொறுப்பு. விளக்கு அணையக் கூடாது. கேடயம் உடைந்தால் உடனே வேறு மாட்ட வேண்டும். பிசகினால் கோட்டை போச்சு.

ஆனால் பகலில் அவன் பேக்கிங் ஷெட்டில் இருப்பான். பட்டாசு கிடக்கிற இடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடுவார்களா? கேட்டிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும்.

அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு முன் நாற்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதினான். விளக்கு மங்கினால் அதுவே எண்ணெய் ஊற்றும். கேடயம் உடைந்தால் அதுவே மாற்றும். திரை அணையாமல் போன் கேட் ரூமில் சார்ஜில் கிடந்தால் போதும்.

ஷெட் முழுக்க அவனுக்கு இதே பேச்சு. டோக்கன் கொடுக்கும் மாடத்தியைக்கூட விடவில்லை. முதல் நாளே நாற்பது வரியையும் வாசித்துக் காட்டினான்.

“அம்புட்டும் அதுவே செஞ்சிருமா தம்பி?”

“அதுவே செய்யும்க்கா. நீங்க சார்ஜ் மட்டும் பாத்துக்கோங்க.”

சாமானைப் பார்த்துக்கொள்ளத்தான் புரோகிராமுக்கு அனுமதி. பேசுவதும் கொடுப்பதும் ஆள்தான் செய்ய வேண்டும். பிரபாகரன் போட்ட சட்டம்.

விளையாட்டைத் திறந்து பார்த்தான். இன்று பகல் இரண்டு மணிக்குப் புரோகிராம் கோட்டை வாசலில் நின்ற யாரோ ஒரு புது ஆளுக்குக் கேடயத்தைக் கொடுத்திருக்கிறது. போதாததற்கு, “சாப்பிட்டீகளா?” என்றும் கேட்டிருக்கிறது.

நாற்பது வரியும் அவனுக்கு மனப்பாடம். தர்மம் பண்ணும் வரி அதில் இல்லை. சாப்பாட்டு விசாரணையும் இல்லை.

“புரோகிராமுக்குப் புத்தி வந்திருச்சு போலலே” என்றான் கூட வேலை பார்க்கும் முனியராஜ்.

“எப்படிலே வரும்? நான் எழுதவே இல்லையே!”

“போன் எங்கன கிடந்துச்சு?”

மாரிக்கண்ணன் நேரே கேட் ரூமுக்குப் போனான்.

“அக்கா, எம்போனைத் தொட்டீகளா?”

மாடத்தி ஒளிக்கவில்லை. “தொட்டேன் தம்பி. அந்த ஆளு வெறுங்கையோட நின்னாரு. பக்கத்துல ஓநாய் வருதுன்னு எழுதி வந்துச்சு. உங்கிட்டதான் மூணு கேடயம் கிடக்கே.”

“கிடந்தா? உங்க வீட்டுச் சாமானா அது? எம் மானமே போச்சு!”

சத்தம் கேட்டு மேனேஜர் தங்கச்சாமி வந்தார். மாரிக்கண்ணன் எல்லாவற்றையும் கொட்டினான்.

“யாரு போனையும் தொடக் கூடாதுன்னுதான உன்னைய கேட்ல உக்கார வச்சிருக்கு?” என்றார் மேனேஜர். “வேற என்ன பண்ணுன? உண்மையச் சொல்லு.”

மாடத்தி மாரிக்கண்ணனைப் பார்த்தாள். அவன் பின்னால் பேக்கிங் ஷெட்டே திரண்டு நின்றது.

“வேற ஒண்ணும் இல்லங்கய்யா. இன்னைக்குக் கொடுத்தது மட்டுந்தான் நான். மத்ததெல்லாம் தம்பி எழுதுனதே பாத்துக்கிடுச்சு.”

“நாளையில இருந்து நீ லோடு ஏத்தப் போ. லோடு ஏத்துற சுடலை கேட்டைப் பாக்கட்டும்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். நிழலில் உட்கார்ந்து பார்த்த வேலை போயிற்று.

மாரிக்கண்ணன் பிரபாகரனுக்கு அடித்தான்: “புரோகிராம் மேல தப்பில்ல அண்ணே. கேட்ல ஒரு பொம்பளை தொட்டுருச்சு. ஆளை மாத்தியாச்சு.”

“அப்பச் சரி. காவல் உன்கிட்டயே இருக்கட்டும்.”

மறுநாள் காலை, போனைக் கொடுக்கும்போதே சுடலையை மிரட்டி வைத்தான்.

“நான் ஏம்ப்பா தொடுதேன்? அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன், போதுமா?”

சுடலை சொன்ன சொல் தவறவில்லை. திரும்பவே இல்லை.

சாயங்காலம் மாரிக்கண்ணன் போனை வாங்கிப் பார்த்தான்.

விளக்கு மங்குகிறது.

விளக்கு அணைந்தது.

கேடயம் உடைந்தது.

நீ இறந்துவிட்டாய்.

கோட்டை எதிரி வசம்.

அதற்குக் கீழே பிரபாகரன். “புரோகிராம் எங்கலே போச்சு? இனிமே இந்தப் பக்கம் வராத.”

“அண்ணாச்சி, தொட்டீகளா?” என்று சுடலையைக் கேட்டான்.

“எம் பிள்ளை மேல சத்தியமா இல்லப்பா.”

அவனுக்கு மண்டை குழம்பியது. யாரும் தொடவில்லை. அப்புறம் ஏன் எண்ணெய் ஊற்றவில்லை? கேடயத்தை ஏன் மாற்றவில்லை? நேற்று வரை பிசகாமல் நடந்ததுதானே!

மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் புரோகிராமைத் திறந்து பார்த்தான். ஓட ஆரம்பித்த நாள், நேரம் எல்லாம் குறித்திருந்தது. ஆரம்பித்த நாற்பதாவது நிமிடம், பதினேழாவது வரியில் பிழை என்று நின்றிருந்தது.

அன்றைக்கு நின்றதுதான். எண்பத்தெட்டு நாளாக அது ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றவில்லை.