ஏணிக்காரர்

"செத்தது ஒரு சின்னப் பொண்ணு. உனக்கு ஏணி ஒரு கேடாய்யா?" என்றார் புது இன்ஸ்பெக்டர்.

"பொண்ணு செத்ததுக்கு என் பொழப்பும் சாகணுமா? நான் பெயின்டர் சார். ஏணி இல்லாம பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டா பெயின்ட் அடிப்பேன்?"

ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே ஏணிக்காரர்தான். ஏழு வருஷமாக மாதம் தவறாமல் வருகிறார். அவர் வந்துவிட்டுப் போனால் அன்றைக்கு யாருக்கும் காது கேட்காது.

சுவரோரம் பெஞ்சில் கொலையான பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் மாதம் தவறாமல் வருகிறவள்தான். வந்தால் வாயே திறக்க மாட்டாள், ஏணிக்காரரைத் திட்டுவதைத் தவிர.

மாடி அறையில் தனியாகத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். கொன்றவன் ஜன்னல் வழியாக ஏறிப் போயிருந்தான். ஏறியது, பக்கத்துக் கட்டடத்தில் பெயின்ட் அடிக்க வந்தவர் வேலை முடிந்ததும் அங்கேயே சாத்திவிட்டுப் போன ஏணியில். போலீஸ் அதைத் தடயம் என்று தூக்கி வந்தது.

கொன்றவன் கிடைக்கவில்லை. ஏணி கிடைத்ததில் ஸ்டேஷனுக்குப் பரம சௌகரியம். இப்போதுகூட ஏட்டு அதன் உச்சியில் நின்றுகொண்டு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு போயி நான் அரை உசிரா கிடக்கேன். உனக்கு ஏணிதான் பெருசு. நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்றாள் அம்மா.

"நல்லாத்தான்மா இருந்தேன், உன் கேஸ்ல மாட்டுற வரைக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. இந்தக் கேஸ் இனிமே நகராது. ஆள் கிடைக்கலைன்னு எழுதி ஃபைலை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எடுத்த பொருளை உடையவன்கிட்ட கொடுத்து ஒரு கையெழுத்து வாங்கினா முடிஞ்சது. ஏட்டய்யா, இறங்குங்க. யோவ், உன் ஏணியைத் தூக்கிட்டு இடத்தைக் காலி பண்ணு."

அம்மாவின் மடியில் இருந்த பை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. ஏணிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஏணியை ஒரு சுற்றுச் சுற்றினார். தட்டினார். குனிந்து காலைப் பார்த்தார். மாடு பிடிக்க வந்த தரகர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்.

"இது என் ஏணி இல்ல."

"என்னய்யா சொல்ற?"

"என்னது உருண்டைக் கால். இது சப்பைக் கால். படியில என் பேரைக் கத்தியால கீறி வெச்சிருந்தேன். எங்க அது?"

"இதேதான் சார்," என்று பதறினார் ஏட்டு. "எனக்குத் தெரியாதா? தினம் நான்தானே ஏறுறேன்."

"கொலைக் கேஸ் தடயத்துல தினம் ஏறுறீங்களா?" ஏணிக்காரர் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"பெரியவரே, ஏழு வருஷத்துல பேரு தேஞ்சிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெயின்டர்கிட்டயே தேயுற கதையா? தடயம் மாறிப்போச்சுன்னு நான் கோர்ட்டுல போய் நிக்கிறேன். யார் வேலை போகுதுன்னு பாப்போம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"கொலை நடந்த அன்னைக்கு ஏணியில கைரேகை எடுத்தாங்க. அந்த ரிப்போர்ட்டை வரவழைங்க. அதுல என் ரேகை இருந்தா இது என்னதுன்னு ஒத்துக்கறேன். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

"ஏட்டய்யா, ரிப்போர்ட் எங்க?"

"வரலை சார்."

"ஏன் வரலை?"

"யாரும் கேக்கலை சார். முந்தின ஐயா கேட்டிருப்பாருன்னு அடுத்த ஐயா நினைச்சிட்டாரு. அப்புறம் வந்த ஐயாவும் அப்படியே..."

"அதுல இவர் ரேகை மட்டுமாய்யா இருக்கும்..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்தினார். பெண்ணின் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை எடுத்தார். "ஃபைலை மூட வேண்டாம். என் மேஜையில வைங்க."

"ஏணி வரலைன்னா அடுத்த மாசம் வருவேன்," என்று எழுந்தார் ஏணிக்காரர்.

"நீ வாய் புழுத்துத்தான் சாவே," என்று அவர் முதுகுக்குப் பின்னால் சபித்தாள் அம்மா.

அவள் வெளியே வந்து தெருமுனையில் திரும்பியபோது பழைய ஸ்கூட்டர் ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அது உங்க ஏணிதானே அண்ணே?"

"பின்னே? என் கையால செஞ்ச ஏணி எனக்குத் தெரியாதா?"

"எங்கே கையெழுத்துப் போட்டுருவீங்களோன்னு எனக்கு உசிரே போயிடுச்சு."

"அதை வாங்கிட்டுப் போயி இனிமே எந்தச் சுவத்துல சாத்துவேன் தங்கச்சி?"

ஸ்கூட்டர் பெரிய தெருவில் திரும்பியது. அப்புறம் அவரே சொன்னார்.

"அடுத்த மாசம் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டு, கூச்சப்படாதே. நீ பொண்ணைக் கேட்டு அழுதே, தண்ணி கொடுத்து அனுப்பினானுங்க. நான் ஏணியைக் கேட்டுக் கத்தினேன், ஃபைலைத் தொறந்தானுங்க."