வேலிக்கு அந்தப் பக்கம்

தமயந்தியின் கத்தரிச் செடிகள் புது ரகம். அந்துப்பூச்சி முட்டையிட்டால் இலையில் முட்டை இருக்கும் இடத்தை மட்டும் தாமே கருக்கி உதிர்த்துவிடும். அப்போது கிளம்பும் நெடிக்கு மற்ற பூச்சிகள் வேலி தாண்டி ரெஜினாவின் வயலுக்குப் போய்விடும்.

"நீங்க விரட்டுற விருந்தாளிக்கெல்லாம் எங்க வயல்லதான் பந்தி, அக்கா!" புழு துளைத்த காய்களைக் கொட்டியபடி ரெஜினா சிரித்தாள். "இந்த வெள்ளாமையும் போச்சு. உங்க புது ரக நாத்து வாங்க மறுபடி எப்பப் பேர் எழுதுறாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க."

போன முறை வேளாண் அலுவலகத்தில் பேர் எழுதி முடித்து நாலு மாதமாகிறது. அன்று ரெஜினா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவளும் வந்தால் தனக்கு நாற்று கிடைக்காமல் போகுமோ என்று பயந்து, தமயந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அந்த வாசலைக் கடந்து போயிருந்தாள்.

"சொல்றேன்டி," என்றாள் இப்போது. குரல் கொஞ்சமும் தடுமாறாததுதான் அவளைச் சுட்டது.