நூறாவது வீடு

"அண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. ஒரே ஒரு கையெழுத்து!"

காலையிலேயே வந்து வரப்பில் நின்றபடி வானதி நோட்டை நீட்டினாள். வீரையன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வேலையா இருக்கேன் தங்கச்சி. அப்புறம் பார்க்கலாம்."

"இதையேதான் திங்கக்கிழமையும் சொன்னீங்க. நேத்தும் சொன்னீங்க."

"சொன்னேன்தான்" என்றார் அவர், மடையை அடைத்துக்கொண்டே.

வானதிக்கு எரிச்சலாக வந்தது.

மன்னார்குடிக்குப் பக்கத்துச் சின்ன ஊர் அது. இடிந்து கிடந்த பழைய சத்திரத்தைச் சரிபண்ணி, அங்கே ஓர் அறக்கட்டளை நடந்துவந்தது. விவசாயிகளுக்குப் பாரம்பரிய நெல்விதை கொடுப்பார்கள். மத்தியானம் அந்த அரிசியிலேயே குறைந்த விலைக்குச் சாப்பாடு. செயலாளர் வானதிதான்.

கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. சென்னையில் ஒரு நிறுவனம் கூரைக்கும் சமையல்கட்டுக்கும் மானியம் தர முன்வந்தது. ஒரே நிபந்தனை. ஊரில் நூறு வீடாவது நன்கொடை தந்திருக்க வேண்டும். பணமோ நெல்லோ, முடிந்தது போதும். வீட்டுக்கு ஒருவர் பேர். அவரே நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நூறு பேரும் சத்திரத்துச் சுவரில் கல்வெட்டில் வரும்.

தொண்ணூற்றொன்பது வீடு சேர்ந்தாகிவிட்டது. பூட்டிக் கிடக்கும் வீடுகள் போக, ஊரில் மிச்சம் வீரையன் வீடு ஒன்றுதான்.

"உங்க ஒருத்தரால மொத்தமும் போயிடும்ணே."

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?"

அவ்வளவுதான், வானதி வெடித்துவிட்டாள்.

"உங்க வீட்டுல கலைமகள் அக்கா, பொண்ணோட பிரசவத்துக்குன்னு போய் இருபது நாளாச்சு. இருபது நாளும் மத்தியானச் சாப்பாடு எங்ககிட்டதானே? சாப்பிட மட்டும் சத்திரம் வேணும், குடுக்கிறதுன்னா மனசு வராது!"

வீரையன் நிமிர்ந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி, அடுத்த மடைக்கு நடந்துவிட்டார்.

சத்திரத்தில் சமையல் பாத்திமா காத்திருந்தாள்.

"என்னம்மா, போட்டாரா?"

"எங்கேருந்து? கல்நெஞ்சம்!"

"வீரையண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்றாள் பாத்திமா.

சாயங்காலம் மணி நாலே முக்கால். வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கட்டைப்பையும் கையுமாக, கலைந்த தலையோடு கலைமகள் இறங்கி ஓடிவந்தாள்.

"வானதி! அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு என்னக்கா? வயல்ல நல்லாத்தானே இருக்காரு."

"மத்தியானம் போன் பண்ணி, 'உடனே கிளம்பி நேரா சத்திரத்துக்கு வா'ன்னாரு. என்ன ஏதுன்னு கேக்கறதுக்குள்ள வெச்சிட்டாரு. பேத்தியைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன், அப்படியே மககிட்ட குடுத்துட்டு, நாகப்பட்டினத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்!"

பின்னாலேயே மொபெட்டில் வீரையன் வந்தார். முன்னால் ஒரு சாக்கு நெல்.

"இதை நன்கொடையா வெச்சுக்குங்க" என்று இறக்கிவைத்தார். மனைவியிடம் திரும்பினார். "நீ அந்த நோட்டுல கையெழுத்துப் போடு."

"இதுக்கா? இதை நீங்க போட்டா ஆகாதா?"

"அதானே!" என்றாள் வானதியும்.

வீரையன் தலையைச் சொறிந்தார்.

"இங்க முதமுதல்ல வந்த பூங்கார் நெல்விதை வீரையன் குடுத்ததுன்னு எழுதி வெச்சிருக்கீங்க தங்கச்சி. நான் எங்க குடுத்தேன்? நான் புது ரகம் பொன்மணிக்கு மாறினப்பவே பூங்காரை விட்டாச்சு. இவதான் கிணத்தடியில ஒரு மூலையை விடச்சொல்லி என்கூட சண்டை போட்டா. வருஷா வருஷம் தனியா அறுத்து, தனியாக் காயவெச்சுக் காப்பாத்தினா."

கலைமகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பட்டாவுல என் பேரு. மோட்டார் கனெக்‌ஷன்ல என் பேரு. சொசைட்டியிலயும் என் பேரு. கல்லுல வர்றதாவது இவ பேரா இருக்கட்டும்."

வானதி நோட்டைக் கலைமகள் பக்கம் நகர்த்தினாள். "காலையிலேயே சொல்லியிருக்கலாமேண்ணே. நான் என்னென்னமோ பேசிட்டேன்."

"சொன்னா நீங்க உடனே இவளுக்கு போன் போடுவீங்க. 'அவரே போடட்டும்'னு இவ சொல்லிடுவா. வந்திருக்கவே மாட்டா."

"தலைகூட வாரலை" என்று முணுமுணுத்தபடி கலைமகள் பேனாவை வாங்கினாள். "முன்னால அவர் பேரோட முதல் எழுத்தைப் போடணுமா?"

"வேணாம்" என்றார் வீரையன்.

அவள் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கலைமகள். பாத்திமா சந்தோஷத்தில் எல்லாருக்கும் காபி போட ஓடினாள்.

அஞ்சடிக்கப் பத்து நிமிஷம். பட்டியலை அனுப்ப வானதி நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். தனியாக இருக்கும் நாலு பெண்களைத் தவிர, பக்கத்துக்குப் பக்கம் ஆண்களின் பேர்தான். இதுவரை அது கண்ணில் படவே இல்லை.

முதல் பக்கத்தில், முதல் வரியில், அவள் விரல் நின்றுவிட்டது.

அவள் வீடு. பேர்: சதீஷ். கத்தாருக்கு விமானம் ஏறும் அவசரத்தில் இருந்த கணவனை நிறுத்தி, அவளே கேட்டு வாங்கிய கையெழுத்து.