உள்ளே நுழையப் பார்த்தவர்

காலை ஏழு பத்துக்கு நாற்பத்தொரு மின்னஞ்சல்கள் லோகேஸ்வரனுக்காகக் காத்திருந்தன.

இரவு ஷிஃப்ட் முடிந்து, லாக்கரில் வைத்திருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு அப்போதுதான் ஆலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'உங்கள் வலைப்பூவில் நுழைய யாரோ தவறான கடவுச்சொல் கொடுத்தார்கள். பயனர் பெயர்: 4471.'

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டாவதும் வந்து விழுந்தது.

4471 அவருடைய ஊழியர் எண்.

அந்த வலைப்பூவை எழுதுவது யாரென்று பாசிர் கூடாங் ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. வாயு கசிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் மயங்கி விழுந்ததை நிர்வாகம் மூடி மறைத்தபோது, தேதி, நேரத்தோடு போட்டு உடைத்தது அந்த வலைப்பூதான். எழுதிய ஆளைப் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு கணினிப் பிரிவுத் தலைவர் ரொனால்டிடம் போயிருந்தது.

"மோப்பம் பிடிக்கிறதுல அந்தாள மிஞ்ச ஆளில்ல லா" என்பது கேண்டீன் பேச்சு.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். மனைவி வாசுகி தேத்தண்ணியோடு வந்தாள்.

"என்னங்க, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"யாருக்கோ தெரிஞ்சு போச்சு வாசு. என் நம்பரைப் போட்டே உள்ள வரப் பாக்குறான்."

"எந்த நம்பரு?"

"பேட்ஜ் நம்பரு. அதைத்தான் பேரா வச்சிருந்தேன்."

"அலமாக்! முகமூடியப் போட்டுக்கிட்டு அது மேலயே பேரை எழுதி ஒட்டுவாங்களா?"

"பத்தொன்பது வருஷமா பஸ்ஸு, கேண்டீன், பஞ்ச் கார்டு எல்லாத்துக்கும் அதான். கை தானா அடிச்சிருச்சு. வெளிய தெரியாதுன்னு நெனச்சேன்."

வெளியே நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'எழுதியவர்: 4471' என்று நின்றது. நேற்றுவரை அப்படி ஒரு வரியே இல்லை.

முந்தின மாலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பாதுகாப்புக்கு நல்லதென்று பதினோரு பிளக்-இன்களையும் ஒரே அமுக்கில் புதுப்பித்திருந்தார். வலைப்பூவோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் அந்தக் குட்டி நிரல்களில் ஏதோ ஒன்றுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

எது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். படத்தைச் சுருக்குவது. எண் போகவில்லை. வாசகர் கடிதம் வாங்குவது. போகவில்லை. திரையில் மத்தாப்பு கொட்டுவது.

"இது எதுக்குங்க?"

"தீபாவளிக்குப் போட்டது. சும்மா, அழகுக்கு."

"அழகு!" வாசுகி தலையில் அடித்துக்கொண்டாள். "வேலை போனா இந்த வட்டாரத்துல ஒரு கேட்டும் நமக்குத் தெறக்காது. நம்ம பொண்ணு லோஷினி இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை எழுதுறா. ஞாபகம் இருக்கா?"

ஏழாவதை நிறுத்தியதும் எண் மறைந்தது. எழுதியவரின் பெயரைக் காட்டும் பிளக்-இன். இவர் பெயரே கொடுக்காததால், புதுப்பித்த கையோடு பயனர் பெயரை எடுத்துப் போட்டிருக்கிறது. அதை அழித்தார். பழைய கணக்கையும் அழித்து, வேறு பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினார். விரல் இரண்டு முறை தவறான இடத்தில் விழுந்தது.

"எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

வலைப்பூவுக்கு யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். புதுப் பதிவு எதுவும் போடாத இரவு. வந்தது ஒரே ஒரு ஆள். தப்பான கடவுச்சொல்லை அடித்துக்கொண்டே இருந்ததும் அதே ஆள். அந்த ஆளின் இணைய முகவரி ஆலை அலுவலகத்தினுடையது.

"ரொனால்டு" என்றார்.

அன்று மாலை வேலைக்குப் போனபோது கேட்டில் ரொனால்டே நின்றிருந்தார். லோகேஸ்வரனின் கழுத்தில் தொங்கிய பேட்ஜைக் கையில் எடுத்தார். படித்தார். மெல்லத் தொங்கவிட்டார்.

"தூங்கலயா?"

"தூங்கினேன் சார்."

"பாத்தா தெரியலயே. சரி, போங்க."

பூனை எலியை எடுத்த எடுப்பில் கொல்லாது என்று நினைத்துக்கொண்டார் லோகேஸ்வரன்.

மறுநாள் வேலைநீக்கக் கடிதம் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மணி அடித்து ஓயும்வரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்யும் எல்வின் கேண்டீனில் பின்னாலிருந்து தோளைத் தொட்டபோது, கையிலிருந்த மீ கோரெங் தட்டு தரையில் போனது.

"என்ன அண்ணே, கடன்காரனா நானு?"

பயம் நாள்பட்டால் கோபமாகத் திரும்பும். மூன்றாம் மாதம் ஒரு பதிவு எழுதினார். 'நம்ம ஆளையே காட்டிக்கொடுக்கும் நம்ம ஆள்' என்று தலைப்பு. ரொனால்டின் பெயரைப் போட்டே எழுதினார்.

கேண்டீனில் எல்வின் அதை உரக்கப் படித்தான். மேசைக்கு மேசை சிரிப்பு. ரொனால்ட் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். லோகேஸ்வரனும் சிரித்தார். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே.

"நல்லா குடுத்திருக்கான் அண்ணே, எவனோ" என்றான் எல்வின்.

2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை, ரொனால்ட் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் காரணம் இருந்தது: வலைப்பூ எழுதும் ஊழியரின் எண்ணைத் தம் கண்ணால் பார்த்தும் நிர்வாகத்திடம் மறைத்தார், வேண்டுமென்றே தவறான கடவுச்சொற்களை அடித்து அவரை உஷார்ப்படுத்தினார், விசாரணையில் இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும், மூன்று முறை கேட்டும் அந்த ஊழியர் யாரென்று சொல்ல மறுத்துவிட்டார்.