இன்னொரு தடவை

"அம்மா, இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க. வெளிச்சம் சரியா விழல."

போட்டோக்காரன் கேட்பது இது மூன்றாவது தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன கல்யாண ஆல்பமா?

பின்னால் இரண்டு வெண்கலச் சிப்பாய்கள் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் எங்கள் நாடு, ஒருவன் அவர்கள் நாடு. தொப்பியை மாற்றிவிட்டால் எவன் எவனென்று பெற்றவளுக்கே தெரியாது. ஒரே அச்சில் வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள்.

சண்டை போடச் சொன்னதும் மேடையில் இருக்கிற இந்த மந்திரிமார்தான். சமாதானம் என்று ரிப்பன் வெட்டுவதும் இவர்கள்தான். நடுவில் என் பிள்ளை எதற்குச் செத்தான் என்று கேட்டால், "இன்னைக்கு வேண்டாம்மா, நல்ல நாள்" என்கிறார்கள்.

முன்வரிசையில் அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஆணியடித்த பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றவர். குண்டு பட்ட இடத்திலேயே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று சொன்னவர். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார்.

தூக்கியவர்கள் என்ன இவ்வளவு லேசாக இருக்கிறது என்றார்கள்.

அவன் எப்படிப் போனான் என்று கேட்டு நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லோரும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். வலியே தெரிந்திருக்காது. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

எனக்கு ஜோடியாக நிறுத்தியிருந்தவள் எதிரி நாட்டுக்காரி. இனிமேல் அப்படிச் சொல்லக் கூடாதாம், நட்பு நாடாம். அவள் மகனும் அதே சண்டையில்தான் போனான். எல்லைக்கு அந்தப் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவள் என்று மைக்கில் சொன்னார்கள்.

என் மகன் பெயரை வாசித்ததிலிருந்து அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. என்ன முறைப்பு! உன் ஊர்க்காரன் சுட்டுத்தானே என் பிள்ளை செத்தான், இன்னும் என்னடி பார்வை என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு நின்றேன்.

முதல் தடவை மரக்கட்டை மாதிரி நின்றேன். இரண்டாம் தடவை அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மந்திரி நடுவில் புகுந்து எங்கள் இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டார்.

இப்போது மூன்றாவது.

"யோவ், பிள்ளையைப் பறிகொடுத்தவளுங்கள வச்சு பொம்மலாட்டமா ஆடுறீங்க?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துப் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை.

கத்துவது எனக்குப் புதிதா? பேச்சு வந்த நாளிலிருந்தே என் மகன் என்னைக் கோக்காரி என்றுதான் கூப்பிட்டான். கோபக்காரி என்று சொல்ல நாக்கு புரளவில்லை. மீசை முளைத்த பிறகும் விடவில்லை. "என்ன கோக்காரி, இன்னைக்கு எவன் மாட்டினான்?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான். அவன் போன பிறகு அந்தப் பெயரை நான் வெளியே சொன்னதே இல்லை.

சரி, தொலையட்டும் என்று போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் பேச்சு இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், வாய்க்கு வந்தபடி அவள் காதுக்குள் திட்டினேன். நாசமாய்ப் போவீர்கள் என்றேன். அதற்குமேல் சொன்னதை எழுத முடியாது.

அவள் விலகவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கோக்காரி?" என்றாள்.

"உனக்கு யாருடி சொன்னது?" என்றேன்.

அவளுக்கு எங்கள் மொழியில் நாலைந்து வார்த்தைகள்தான் தெரியும் போலிருந்தது. அதுவும் கோணல்மாணலாக. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து என் காதில் சொன்னாள்.

"தண்ணி."

"வலி."

"லைட்ட அணைக்காத."

பட்டாளத்தில் சேரும்வரை லைட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான் என் பிள்ளை.

அப்புறம் மறுபடியும், "கோக்காரி."

ஆஸ்பத்திரியில் துடைக்க வருகிறவளுக்கு ஒரு ராத்திரியில் மனப்பாடமாகிற வார்த்தைகளா இவை? எத்தனை ராத்திரி அங்கே கிடந்தானோ!

அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். முன்வரிசையில் அந்த அதிகாரி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"சூப்பர்மா, கிடைச்சிடுச்சு! விலகிக்கலாம்" என்றான் போட்டோக்காரன்.

அவள் கை தளர்ந்தது. நான் விடவில்லை.

"வெளிச்சம் விழலடா! இன்னொரு தடவை எடு!" என்று கத்தினேன்.