எதிர்க்கரை லாரிகள்

"அந்த லாரிங்கள்ல என்னடா ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"காத்து," என்றான் பிடிபட்டவன்.

கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. கைகள் நாற்காலிக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்ததால் உதட்டு ரத்தத்தைத் துடைக்க வழியில்லை. துப்பினான். அது அதிகாரியின் பளபளப்பான பூட்ஸ் மேல் போய் விழுந்தது. குறி தப்பவில்லை என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி.

மாவு மில்லின் கணக்கறை அது. போர் வந்தபின் அதிகாரியின் அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே ஆறு. எதிர்க்கரையில் மரங்களுக்கு அடியில் தார்ப்பாய் மூடிய ராணுவ லாரிகள் வரிசைகட்டி நின்றன. பாலம் போடும் பொறியாளர் படை வந்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்தக் கரையில் தண்ணீர் மொள்ள இறங்கியவனைத்தான் ரோந்துப் படகு அமுக்கிக்கொண்டு வந்திருந்தது.

அதிகாரியின் பீரங்கிகள் எல்லாம் மேற்கே படகுத்துறையில் நின்றன. எதிரி அங்கே கடப்பானா, இங்கே கடப்பானா என்று தெரியாமல் அவருக்கு மண்டை காய்ந்தது. பிடிபட்டவனுக்கோ தம்பியைப் பற்றிய கவலை. பாலம் போடப் போகிறவர்களில் அவனும் ஒருவன். பீரங்கிக்கு எதிரே போய் நின்றால் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள்.

"பாலச் சாமான்தானே? ஒத்துக்கோ. உயிரோட விட்டுடறேன்."

"ஒத்துக்க மாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

"டிரைவருக்குத் தெரியாமலா இருக்கும்? எப்ப கிளம்பப்போகுது?"

"நீங்க தலைகீழா நின்னாலும் அது இடத்தை விட்டு நகராது."

அதிகாரி துப்பாக்கியை எடுத்து அவன் நெற்றியில் வைத்தார். "இப்பவும் எகத்தாளம் பண்ணுவியா?"

"சுடுங்க. செத்தவன் இதைவிடக் கம்மியாத்தான் பேசுவான்."

டெலிபோன் அருகே உட்கார்ந்திருந்த சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரமாக அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

அதிகாரி துப்பாக்கியை இறக்கினார். "இவன் கல்லுளிமங்கன். இவனோட மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்ல. பீரங்கிங்க படகுத்துறையிலேயே இருக்கட்டும்னு சொல்லிடு," என்றார் சிப்பாயிடம்.

"அப்பாடா," என்று பிடிபட்டவன் மூச்சுவிட்டான்.

அதிகாரி சட்டென்று திரும்பினார். "மாட்டினியா? உன் வாயைக் கிளறத்தான் சும்மா சொல்லிப் பார்த்தேன். ஏம்பா, எல்லா பீரங்கியையும் உடனே இங்க கொண்டுவரச் சொல்லு."

"ஐயா, வேண்டாங்க," என்றான் பிடிபட்டவன். இவ்வளவு நேரத்தில் அவன் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். அதிகாரிக்கு வயிறு குளிர்ந்தது.

பிற்பகலில் மில்லின் சுவர்கள் அதிர்ந்தன. எதிர்க்கரை புகையில் மறைந்தது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, ஒரு லாரி தூக்கியெறியப்பட்டு ஆற்றில் விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. விழுந்த லாரி முழுகாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

டெலிபோன் அலறியது. எடுத்த சிப்பாயின் முகம் வெளுத்தது. "ஐயா, படகுத்துறையில பாலம் போட்டு இறங்கிட்டாங்களாம்."

"மூங்கிலும் கித்தானும் மிதக்காம என்ன செய்யும்?" என்றான் பிடிபட்டவன். "எனக்கு லாரி ஓட்டவே தெரியாதுங்க. அதையெல்லாம் தைச்ச டெய்லர் நான்."